காற்றுக்கு வழி: டெல்டா வீட்டு ஜன்னல்களின் கதை

ஜன்னல் என்பது தமிழ்ச் சொல் இல்லை. போர்த்துகீசியர்கள் 'ஜனேலா' என்றார்கள்; நாம் ஜன்னல் ஆக்கிக்கொண்டோம். ஜன்னலில் பதிக்கும் கம்பித் தடுப்பைக் கிராதி என்கிறோமே, அதுவும் அவர்கள் சொல்தான். சாவி, அலமாரி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் படுக்கிற அறைக்குச் சொல்லும் 'காமிரா உள்' எல்லாமே அதே கப்பலில் வந்து இறங்கியவை. பதினாறாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்தில் குடியேறிய போர்த்துகீசியர்களிடமிருந்து 1658-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். ஆட்கள் போனார்கள், வீட்டுச் சாமான்களின் பெயர்கள் நம்மிடம் தங்கிவிட்டன.

அதற்கு முன்னால் நம்மவர்கள் ஜன்னல் இல்லாத வீட்டிலா இருந்தார்கள்? சாளரம், பலகணி என்று நல்ல சொற்கள் இருந்தன. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 'காலதர்'. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில், காவிரி கடலில் கலக்கும் புகார் நகரத்து மாளிகைகளை வருணிக்கும்போது, மானின் கண்ணைப் போன்ற காலதர்களைப் பற்றி இளங்கோ சொல்கிறார். ஆங்கிலத்தில் 'விண்டோ' என்பதும் வடநாட்டு ஐரோப்பியரின் பழைய மொழியில் 'காற்றின் கண்' என்ற பொருளில் பிறந்த சொல்தான். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு ஊர்களில் ஜன்னலுக்குப் பெயர் வைத்தவர்கள் முதலில் காற்றைத்தான் நினைத்திருக்கிறார்கள். வெளிச்சமும் வேடிக்கையும் அப்புறம்.

இந்த ஆராய்ச்சி எல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். மன்னார்குடியில் எங்கள் வீட்டு ஜன்னல்கள் ஏழையும் சமீபத்தில் மாற்றினோம். மரத்துக்குப் பதிலாக யுபிவிசி. ரொம்ப மலிவும் வேண்டாம், ரொம்ப உசத்தியும் வேண்டாம், நடுத்தர விலையில் ஒன்று என்று தேட ஆரம்பித்தேன். மூன்று மாதம் ஆனது. ஓய்வு பெற்ற குமாஸ்தா கையில் ஒரு ஃபைல் கிடைத்தால் அதை முதல் தாளிலிருந்து படிக்காமல் விடமாட்டான். அப்படிப் படித்ததில் தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் பலர் இதே வேலையில் இறங்கியிருப்பதால் உபயோகப்படலாம்.

நம் டெல்டாவின் பழைய வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் திண்ணை, உள்ளே போனால் ரேழி, அப்புறம் கூடம், நடுவில் முற்றம், பின்னால் கொல்லை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பக்கச் சுவரில் ஜன்னல் வைக்க இடமே கிடையாது. தெருப் பக்கம் சிறிதாக ஒன்றோ இரண்டோ இருக்கும். ஆனாலும் அந்த வீடுகளில் புழுக்கம் தெரியாது. முற்றத்தின் வழியாகச் சூடான காற்று மேலே போய்விடும். அந்த இடத்தை நிரப்ப வாசலிலிருந்தும் கொல்லையிலிருந்தும் காற்று உள்ளே வரும். வீட்டின் பெரிய ஜன்னல் சுவரில் இல்லை, கூரையில் இருந்தது. முற்றம்தான் அது.

நான் பிறந்து வளர்ந்தது காரைக்காலில். 1739-இலிருந்து பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த ஊர். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடந்தது. கொடி மாறிய பிறகும் பிரெஞ்சு வழிப் பள்ளிகள் தொடர்ந்தன. நான் படித்தது அப்படி ஒன்றில்தான். வீட்டில் ஜன்னல், வகுப்பில் 'ஃபெனேத்ர்'. பிரெஞ்சுக்காரர்களின் ஜன்னல் நம்முடையதிலிருந்து வேறு. ஆள் உயரத்துக்கு இருக்கும். கதவில் சாய்வான பலகைகளை வரிசையாகச் செருகியிருப்பார்கள். கதவைச் சாத்தினாலும் காற்று வரும், வெயிலும் மழையும் வராது, வெளியே இருப்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். இதற்கு 'பெர்சியேன்' என்று பெயர். பாரசீகத்தது என்று அர்த்தம். புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் இன்றும் பார்க்கலாம்.

கதவுக்கு மேலே வைக்கும் சிறு திறப்புக்கு 'வசிஸ்தாஸ்' என்று பெயர் சொல்வார்கள். 'அது என்ன?' என்று பொருள்படும் ஜெர்மன் கேள்வியான 'வாஸ் இஸ்ட் தாஸ்' என்பதிலிருந்து வந்தது என்கின்றன பிரெஞ்சு அகராதிகள். கதவைத் திறக்காமல் அதன் வழியே எட்டிப் பார்த்து, யார், என்ன என்று கேட்பதால் அந்தப் பெயராம். நாம் அதை வென்டிலேட்டர் என்று சொல்லி, அதில் அட்டையை வைத்து அடைத்துவிடுகிறோம்.

பிரான்சிலேயே ஜன்னல் ஏழைகளுக்கு எளிதாகக் கிடைக்கவில்லை. அங்கே 1798-இல் கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் வரி போட்டார்கள். 1926 வரை அது நீடித்தது. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னல் வரி இருந்தது. வரி அதிகாரிக்கு இதில் ஒரு வசதி: வீட்டுக்குள் நுழைய வேண்டாம், தெருவில் நின்றே எண்ணிவிடலாம். எண்ணப்படுவதற்குப் பயந்து ஜனங்கள் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். விக்தோர் ஹ்யூகோவின் 'லே மிசெராப்ள்' நாவலில் ஒரு பாதிரியார், திறப்புகள் குறைந்த வீடுகளில் கிடந்து நோய்ப்படும் ஏழைகளைப் பற்றிப் பிரசங்கத்தில் வருந்துவார். பள்ளியில் அதைப் படித்தபோது காற்றுக்கும் வரியா என்று சிரித்தோம். இன்று யோசித்தால், வரி போடாமலே நாமும் ஜன்னலை அடைத்துக்கொண்டுதான் வருகிறோம்.

1970, 80-களில் டெல்டா ஊர்களில் கான்கிரீட் வீடுகள் பெருகின. முற்றம் போனது. மழை உள்ளே விழுகிறது, திருடன் இறங்குவான், இடம் வீண் என்று பல காரணங்கள். முற்றம் செய்த வேலை முழுவதும் சுவர் ஜன்னலின் தலையில் விழுந்தது. எங்கள் வீடு 1984-இல் கட்டியது. மனைவியின் ஊர் இது என்பதால் இங்கே மனை வாங்கினோம். அப்போது வழக்கமான ஜன்னல், மரச்சட்டத்தில் நெடுக்காக இரும்புக் கம்பிகள், கீழே இரண்டு கதவு, மேலே இரண்டு கதவு. இந்த நாலு கதவு ஏற்பாட்டில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. கீழ்க்கதவைச் சாத்தி மேல்கதவைத் திறந்து வைத்தால் தெருவில் போகிறவர் கண்ணில் படாமல் படுத்திருக்கலாம். அறையின் சூடும் மேலே வெளியேறும். யாரும் பொறியியல் படித்துச் செய்ததில்லை. ஆசாரிகளுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் மரத்துக்கு நம் மண்ணில் இரண்டு எதிரிகள்: கரையானும் ஐப்பசி மழையும். வாங்க முடிந்தவர்கள் பர்மா தேக்கு போட்டார்கள். மாதச் சம்பளக்காரனுக்கு அது எட்டாது. நாங்கள் நிலைக்கு வேம்பும், கதவுக்கு நாட்டு மரமும் போட்டோம். ஒவ்வொரு மழைக்காலமும் கதவு உப்பிக்கொள்ளும். ஆசாரி வந்து ஓரத்தை இழைத்துக் கொடுப்பார். தை மாதம் அது காய்ந்து சுருங்கி, விரல் நுழையும் அளவு இடைவெளி விடும். முப்பது வருஷம் இப்படி இழைத்த பிறகு ஆசாரி சொன்னார்: "ஐயா, இனிமே இழைச்சா பலகை மிஞ்சாது."

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நம் பகுதி ஆட்களுக்கு அந்த இரவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னையெல்லாம் சாய்ந்த சத்தத்தைக் கேட்டவர்கள் நாம். எங்கள் படுக்கை அறையின் மேற்கு ஜன்னல் உப்பிப்போய்ச் சாத்த முடியாமல் இருந்தது. கொடிக்கயிற்றை எடுத்து இரண்டு கதவையும் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டு, நானும் என் மனைவியும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

புயல் ஒரு ராத்திரியோடு போனது. அதன்பின் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. கம்பங்களே விழுந்துவிட்டபோது யாரைக் குறை சொல்ல? அந்தப் பத்து நாளும் மின்விசிறி கிடையாது. என் மனைவிக்கு இழுப்பு உண்டு. அறையில் புழுங்கினால் மூச்சு வாங்கும். ராத்திரி இரண்டு மணிக்குக் கயிற்றை அவிழ்த்து அந்த மேற்கு ஜன்னலைத் திறந்து வைத்து, அதன் பக்கத்திலேயே பாயைப் போட்டு அவளைப் படுக்க வைத்தேன். சாத்த முடியாத ஜன்னல் ஒரு ராத்திரி பயமுறுத்தியது. திறக்க முடிந்ததால் அடுத்த பத்து ராத்திரி காப்பாற்றியது. புது ஜன்னல் வாங்கப் போனபோது இந்த இரண்டும்தான் என் மனதில் இருந்தன. புயலில் சாத்த வேண்டும். கரண்ட் இல்லாதபோது திறக்க வேண்டும்.

சரி, பிவிசிக்கு வருவோம். பிரெஞ்சில் இதை 'பே-வே-சே' என்பார்கள். இதன் தாத்தாவும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். வினைல் குளோரைடு என்ற வாயுவை 1835-இல் முதன்முதலில் தயாரித்தவர் ஆன்ரி விக்தோர் ரெனியோ என்ற வேதியியலாளர். 1872-இல் ஜெர்மனியில் யூகன் பௌமன், வெயில் பட்ட கண்ணாடிக் குடுவைக்குள் அந்த வாயு வெள்ளைப் பொருளாக மாறியிருப்பதைக் கண்டார். அதுதான் பிவிசி. அதை வைத்து என்ன செய்வதென்று ரொம்ப காலம் யாருக்கும் தெரியவில்லை. 1926-இல் அமெரிக்காவில் வால்டோ செமன் அதில் மென்மையூட்டி சேர்த்து ரப்பர் போல வளையச் செய்த பிறகுதான் மின்கம்பி உறை, மழைக்கோட்டு எல்லாம் வந்தன. அந்த மென்மையூட்டி சேர்க்காமல் விறைப்பாகவே விட்டால், அது 'யு' போட்ட யுபிவிசி. நம் காவிரிக்கும் இதில் பங்கு உண்டு: மேட்டூரில் 1960-களிலேயே பிவிசி ஆலை வந்துவிட்டது. போர்செட்டுக் குழாயாகத்தான் அது முதலில் நம் வயலுக்கு அறிமுகம் ஆனது.

ஜன்னலாக அது வடிவெடுத்தது 1950-களின் ஜெர்மனியில். 1973-இல் பெட்ரோல் விலை ஏறியபோது ஐரோப்பியர்கள் வீட்டைச் சூடாக வைக்கும் செலவுக்குப் பயந்தார்கள். காற்றுப் புகாத சட்டம், இரட்டைக் கண்ணாடி என்று இந்த ஜன்னல் அங்கே பரவியது. இதைக் கவனியுங்கள். குளிர்காற்றை வெளியே நிறுத்துவதற்காகப் பிறந்த ஜன்னல் இது. நமக்கு வேண்டியதோ காற்றை உள்ளே விடும் ஜன்னல். சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் அதன் ஜாதகம் வேறு. வாங்கும்போது எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

கொடுக்க வேண்டியதை முதலில் சொல்கிறேன். வெயிலில் பிறந்த இந்தப் பொருள் வெயிலுக்கே பயப்படும். டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளை நிறப்பொடியைப் போதுமான அளவு சேர்த்தால்தான் நம் சித்திரை வெயிலைத் தாங்கும். வெள்ளைப் பெயின்டில் இருப்பதும் அதுதான். மலிவுச் சரக்கில் சுண்ணாம்புப் பொடியை அதிகம் சேர்ப்பதுண்டு. அது நாளடைவில் மஞ்சளித்து நொறுங்கும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. எழுத்தில் எத்தனை வருஷ உத்தரவாதம் என்று கேட்டு வாங்குவதுதான் வழி.

அடுத்தது கனம். சட்டத்தின் வெட்டுத் துண்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே அறை அறையாக இருக்கும். வெளிச்சுவர் 2.8 மி.மீ. இருந்தால் ஐரோப்பியத் தரத்தில் ஏ பிரிவு, 2.5 இருந்தால் பி பிரிவு. பி நமக்குப் போதும். அந்த அறைக்குள் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம் ஓட வேண்டும். புயல் காற்றைத் தாங்குவது பிளாஸ்டிக் இல்லை, இந்த இரும்புதான். வெளியே தெரியாததால் இதில்தான் சிலர் கை வைக்கிறார்கள். நான் ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் சிரித்தார், பரவாயில்லை.

கண்ணாடி 5 மி.மீ., பதப்படுத்தியது. உடைந்தாலும் கத்தி மாதிரிச் சில்லாகாமல் சிறு துண்டுகளாக உதிரும். மூலையில் முத்திரை இருக்கும். எங்களுக்கு வந்தது செங்-கோபேன் கண்ணாடி. பதினான்காம் லூயி காலத்தில், 1665-இல், கண்ணாடி தயாரிக்கத் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம். இப்போது ஸ்ரீபெரும்புதூரில் தயாரிக்கிறார்கள். கடைப் பையன் 'செயின்ட் கோபைன்' என்றான். பழைய வாத்தியாரை நினைத்துக்கொண்டு உச்சரிப்பைத் திருத்த வாயெடுத்தேன். என் மனைவி பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

காசு கொடுக்க வேண்டாதவை: மரம் போலத் தெரியும் மேலொட்டு, உள்பக்கம் சாய்ந்து திறக்கும் ஐரோப்பிய ஏற்பாடு, இரட்டைக் கண்ணாடி. ஏசி எப்போதும் ஓடும் அறை என்றாலோ, பஸ் ஸ்டாண்டு இரைச்சல் என்றாலோ இரட்டைக் கண்ணாடிக்கு நியாயம் உண்டு. மற்றபடி ஜன்னலுக்கு மேல் ஒன்றரை அடிக்கு சன்ஷேடு இருந்தால் கண்ணாடியில் வெயில் விழுவதே பெருமளவு குறையும்.

இப்போது முக்கியமான விஷயம். இன்று எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் காட்டுவது தள்ளிச் சாத்தும் ஸ்லைடிங் ஜன்னல்தான். விலை குறைவு, கொசுவலைக்குத் தனித் தடம் உண்டு, இடத்தை அடைக்காது. சென்னையிலிருந்து பையனும் போனில், "ஸ்லைடிங்கே போட்டுடுங்கப்பா, எல்லாரும் அதான் போடறாங்க" என்றான். நான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

எங்கள் படுக்கை அறை 12-க்கு 12, அதாவது 144 சதுர அடி. இந்தியத் தேசியக் கட்டடக் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. வெப்பமும் ஈரமும் உள்ள ஊரில் அறையின் ஜன்னல் திறப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்கிறது. வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒன்று, குளிர்ப் பகுதிக்குப் பன்னிரண்டில் ஒன்று. 144-இல் ஆறில் ஒன்று 24. எங்கள் அறையில் 4-க்கு 3 அடியில் இரண்டு ஜன்னல், மொத்தம் 24 சதுர அடி. எண்பத்து நாலில் கட்டிய மேஸ்திரி குறியீட்டைப் படித்தாரோ இல்லையோ, கணக்கு சரியாக வந்திருக்கிறது. குறியீடு அளப்பது சட்டத்தோடு சேர்த்த அளவைத்தான். ஆனால் காற்று நுழைவது திறந்த இடத்தில்தானே? இரண்டு கதவு ஸ்லைடிங்கை முழுக்கத் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். 24 என்பது 12 ஆகிவிடும். அதாவது பன்னிரண்டில் ஒன்று. சுவரில் ஓட்டை மன்னார்குடி அளவு. காற்று ஊட்டி வீட்டு அளவு.

பையனிடம் இதைச் சொன்னேன். "அதான் ஏசி இருக்கேப்பா" என்றான். "கஜாவுக்கு அப்புறம் பத்து நாள் ஏசி எங்கடா இருந்தது?" என்று கேட்டது நான் இல்லை, அவன் அம்மா.

கடைசியில் படுக்கை அறைகளுக்கு வெளிப்பக்கம் முழுவதும் திறக்கும் கதவு வைத்த கேஸ்மென்ட் ஜன்னல். ஒரே நெடுங்கதவாக வேண்டாம் என்று, பழைய முறையில் மேலே ஓர் அடி உயரத்துக்குத் தனியாகத் திறக்கும் பகுதியும் கேட்டு வாங்கினோம். அடிக்கிற காற்று வெளிப்பக்கக் கதவைச் சட்டத்தோடு அழுத்தும், பிய்த்துத் திறக்காது. கைப்பிடியைத் திருப்பினால் இரண்டு மூன்று இடத்தில் பூட்டிக்கொள்ளும். கொசுவலைக்கு உள்பக்கம் தனிச்சட்டம், அதற்குத் தனிக் காசு. பழைய இரும்புக் கம்பிகளை எடுத்துச் சுரண்டிப் பெயின்ட் அடித்து, புதுக் கிராதியாக்கிப் பதித்தோம். கூடத்தில் மட்டும் மூன்று தடம், மூன்று கதவு உள்ள ஸ்லைடிங். அதில் மூன்றில் இரண்டு பங்கு திறக்கும். கேட்ட மூன்று விலைப்பட்டியலில் நடுவில் இருந்ததற்குள்ளேயே எல்லாம் முடிந்தது. மரப்பூச்சில் மிச்சம் பிடித்தது கொசுவலைக்குப் போனது.

பொருத்த வந்த ஆட்கள் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் சிறிது இடைவெளி விட்டு, நுரையும் சிலிகானும் வைத்து அடைத்தார்கள். நெருக்கமாக வைக்கக் கூடாதா என்று கேட்டேன். கூடாதாம். மரம் மழையில் உப்பும். பிவிசி வெயிலில் நீளும். ஐந்தடிச் சட்டம் முப்பது டிகிரி சூடேறினால் சுமார் 3 மி.மீ. நீளும். அதற்கு இடம் விடாவிட்டால் வளைந்துவிடும். சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயின்ட் அடிக்கிறவர்கள் அதை அடைத்துவிடுகிறார்கள்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. மரக்கதவுக்கு உபாதை என்றால் தெருக்கோடி ஆசாரி போதும். இதில் கீல் போனாலும் கைப்பிடி போனாலும் விற்றவரைத்தான் தேட வேண்டும். அதனால் மன்னார்குடியிலோ தஞ்சாவூரிலோ ஆளும் உதிரி பாகமும் வைத்திருப்பவரிடம் மட்டுமே விலை கேட்டேன். நாலு கைப்பிடி உபரியாக வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

பழைய கதவுகளில் தேறியதை ஆசாரியே எடுத்துக்கொண்டார். மாட்டுக் கொட்டகைக்கு ஆகுமாம். ஆடி பிறந்து காற்று ஆரம்பித்துவிட்டது. போன வாரம் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் கரண்ட் நிறுத்தினார்கள். மேற்கு ஜன்னலையும் தெற்கு ஜன்னலையும் முழுக்கத் திறந்து வைத்தோம். என் மனைவி மத்தியானம் படுத்தவள் நாலரை மணி வரை எழுந்திருக்கவில்லை.